பயத்துக்குப் பத்து ரூபாய்

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையின் சேத்துமேட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் புயல் பாதுகாப்பு மையத்தின் வராந்தாவில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடன் கம்பெனியின் கள அலுவலர் ரிஃபா ஸ்கூட்டியை நிழலில் விட்டு, நழுவிய துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்து நிற்பாள். எல்லாரும் எழுந்து உறுதிமொழி சொல்வார்கள். கடனைச் சொன்ன காரியத்துக்கே செலவழிப்போம், கூட்டத்துக்குத் தவறாமல் வருவோம், பிள்ளைகளைப் படிக்கவைப்போம் என்று ஒவ்வொரு வரியும் முணுமுணுப்பில் கடந்துபோகும். 'குழுவில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டுவோம்' என்ற வரி வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் எழும்பும்.

பிறகு பணம். ஆளுக்கு அறுநூற்றைம்பது. நோட்டுகளில் ஏரியின் ஈரமும் இறாலின் வாடையும் இருக்கும்; ரிஃபா அவற்றைத் தனி உறையில் போட்டு எடுத்துப்போவாள். நாற்பத்தேழு வாரங்களில் ஒரு வாரம்கூட ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ராக்கெட் விடுகிற வாரத்தில் படகு இறக்கக் கூடாது என்று போலீஸ் மைக்கில் சொல்லிவிட்டுப் போனபோதும் குறையவில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்து, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல், இறால் கண்ணிலேயே படாத பங்குனி மாதத்திலும் குறையவில்லை. கம்பெனியின் பொன்னேரிக் கிளையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் சேத்துமேட்டின் பெயர் மட்டும் பச்சை மார்க்கரில் எழுதியிருக்கும்.

ரிஃபா பழவேற்காட்டுப் பெண். பி.காம். முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். அவர்களுடையது ஒரு காலத்தில் கப்பல் வைத்திருந்த குடும்பம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். இப்போது அந்த வீட்டில் மிதக்கக்கூடிய பொருள் என்று பார்த்தால் பிளாஸ்டிக் வாளி ஒன்றுதான். அவளுடைய உம்மா கைருன் பீவி தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தாள். மகள் ஏரிக்கரை சனங்களிடம் தவணை வாங்கப் போவது உம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. முதல் சம்பளத்தில் வீட்டு ஓடு மாற்றியதும் பிடித்துப்போயிற்று.

சேத்துமேட்டுப் பணம் ஏன் ஒருபோதும் குறைவதில்லை என்பது ரிஃபாவுக்கு வேலைக்கு வந்த மூன்றாவது மாதமே தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்கள் வலை போடுகிறவர்கள் அல்லர். ஏரியில் வலை கட்டுவதற்குப் பாடு என்று முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று மீனவக் குப்பத்தார் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தச் சீட்டில் சேத்துமேட்டுக்காரர்களுக்குப் பேர் கிடையாது. அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பவர்கள். கரையோரத்தில் நாளெல்லாம் தடவினால் அரைக் கிலோ தேறும். ஏரி நடுவே பெரியதிட்டு என்று ஒரு மேடு இருக்கிறது. அதைச் சுற்றி ஆழம் குறைவு. வலைக்காரர்களுக்கு அது ஆகாது. அங்கே போய்த் தடவினால் ஒரு பொழுதில் இரண்டு கிலோ கிடைக்கும். ஆனால் நடந்து போக முடியாது.

ஆகவே கம்பெனி ஆளுக்கு முப்பதாயிரம் கொடுத்தபோது அவர்கள் பன்னிரண்டு முப்பதாயிரத்தையும் ஒன்றாகப் போட்டு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகையும் அதைவிடப் பழைய எஞ்சின் ஒன்றையும் வாங்கினார்கள். குழுத் தலைவி மாலதியின் புருஷன் கிருஷ்ணன் படகு ஓட்டினான். குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, படகு போகலாம், அதில் வலை போகக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார்கள். பறிதானே, அதில் யாருக்கும் தகராறு இல்லை.

வலைக்காரர்களின் சீட்டில் இடமில்லாததாலோ என்னவோ, இந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சீட்டு வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு சிப்பி. மாலதியின் சிப்பியில் ஓட்டை இருக்கும், ராஜம்மாவின் சிப்பி ஓரம் உடைந்தது. படகில் யார் எங்கே உட்காருவது, திட்டின் எந்தப் பக்கம் யார் இறங்குவது, கரைக்கு வந்தபின் யார் படகைக் கழுவுவது எல்லாம் சட்டியிலிருந்து எடுக்கும் சிப்பி முடிவு செய்யும். ஒருத்திக்கு நல்ல பக்கம் வந்தால் அன்றைக்குக் கிடைத்ததெல்லாம் அவளுடையது. மற்றவள் கேட்கக் கூடாது. வந்ததை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொள்வது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. போன வருடம் ஒருத்தி வயிற்றுவலி என்று இடம் மாற்றிக்கொண்டதற்கு ஒரு மாதம் அவளோடு யாரும் பேசவில்லை.

கம்பெனிக் காகிதத்தில் இது எதுவும் கிடையாது. அதில் படகுக்கு இடமில்லை, கூட்டாக வாங்குவதற்கும் இடமில்லை. அப்போது கள அலுவலராக இருந்து இப்போது கிளை மேலாளராகிவிட்ட தேவேந்திரன் ஒரே மத்தியானத்தில் பன்னிரண்டு விண்ணப்பத்தையும் எழுதினார். எல்லாருக்கும் ஒரே தொழிலைப் போட்டால் தலைமை அலுவலகம் கேள்வி கேட்கும் என்று பன்னிரண்டு தொழில் யோசித்து எழுதினார். தையல், பால் மாடு, ஆடு, கோழி, இட்லிக் கடை, பெட்டிக் கடை, வளையல், பூ, அப்பளம், காய்கறி, கருவாடு, கடைசியில் ஒன்றும் தோன்றாமல் துணி இஸ்திரி. ரிஃபா படகைப் பற்றி அவரிடம் சொன்னபோது, பணம் வருகிறதா என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றாள். அப்படியானால் நீ படகைப் பார்க்கவில்லை என்றார்.

நாற்பத்தாறாவது வாரம் எஞ்சின் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் நின்றுவிட்டது. கிருஷ்ணன் மூங்கிலால் தள்ளித் தள்ளிக் கரை சேர்ப்பதற்குள் பாலத்தடியில் ஐஸ் பெட்டியோடு நிற்கும் வியாபாரி மீரான் போய்விட்டார். இறால் வெயிலில் சிவந்துபோயிற்று. எஞ்சின் இனிமேல் எத்தனை நாளைக்கு என்று கிருஷ்ணனால் சொல்ல முடியவில்லை. ஐம்பத்திரண்டு வாரம் முடிந்ததும் கம்பெனி இரண்டாவது கடனாக ஆளுக்கு நாற்பதாயிரம் கொடுக்கும். அதில் புது எஞ்சின் வாங்கிவிடலாம் என்று பன்னிரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தார்கள். எஞ்சின் இல்லாவிட்டால் பெரியதிட்டு இல்லை. பெரியதிட்டு இல்லாவிட்டால் பழையபடி கரையோரம், அரைக் கிலோ.

இரண்டாவது கடனுக்கு முன்னால் தணிக்கை உண்டு. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து வீடு வீடாகப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை ரிஃபா போய் மாலதியிடம் சொன்னாள். கடன் அட்டையில் தொழில் என்று எழுதியிருப்பது வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னாள். எப்படி இருக்க வேண்டும், எங்கிருந்து வர வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, மாலதியும் கேட்கவில்லை. இருவருக்கும் அந்தப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. ரிஃபா செய்த தவறு இதுதான் என்று பிற்பாடு அவளுக்கே தோன்றியது.

செவ்வாய்க்கிழமை சுபஸ்ரீ என்ற அந்த மேடம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். அனுப்பம்பட்டு தாண்டியதிலிருந்து ரோடு முழுக்கக் குழி. இறங்கியதும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கையில் டேப்லெட், பன்னிரண்டு அட்டைகளின் நகல். முதல் அட்டை வசந்தாவுடையது. தொழில்: தையல்.

வசந்தாவின் வாசலில் ஒரு மாடு கட்டியிருந்தது. வசந்தா அதிலிருந்து இரண்டு அடி தள்ளி, கையை நீட்டி அதன் முதுகை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நின்றாள். மாடு அவளைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கையை எடுத்துக்கொண்டாள். சுபஸ்ரீ அட்டையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், டேப்பில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்தது மாலதி. தொழில்: பால் மாடு. மாலதியின் குடிசை நடுவில் மண் தரையில் ஒரு தையல் மிஷின் இருந்தது. அதன் தலையில் பாதி கிழிந்த பிறை ஸ்டிக்கர், சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை, பெல்ட்டுக்குப் பதிலாகக் கட்டிய பச்சைக் கயிறு. ஸ்டிக்கரை ஒட்டியவளும் ஒன்பது வயதில் அதைக் கிழித்தவளும் ரிஃபாதான். அவள் மாலதியின் முகத்தைப் பார்த்தாள். மாலதி ரொம்பத் திருப்தியாக நின்றிருந்தாள்.

மூன்றாவது வீட்டில் பிலோமினா. வளையல் வியாபாரம். கூடையில் நாலு கோழிகள் இருந்தன.

நாலாவது ராஜம்மா. தொழில்: இட்லிக் கடை. ராஜம்மாவின் வாசலில் இட்லிப் பானை அடுப்பின்மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பானை கைக்கு வந்தபின் சும்மா வைத்துக்கொண்டு நிற்பானேன் என்று அவள் முந்தின நாளே அரிசி ஊறவைத்து அரைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து முப்பது இட்லி விற்றிருந்தது. சுபஸ்ரீ அட்டையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அன்று காலையில் முதல்முறையாகச் சிரித்தார். வயிறு காலியாக இருந்ததால் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டார். காசு வேண்டாம் என்று ராஜம்மா சொல்லவில்லை. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டாள். பானையோடு அவளைப் படம் எடுத்ததும் டேப் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. தணிக்கைக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இருந்திருக்க முடியாது.

ஐந்தாவது வீட்டில் ஆடு இருக்க வேண்டிய இடத்தில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. சுபஸ்ரீ வேப்பமரத்தடியில் நின்றார். பெண்கள் எல்லாரும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

அவர் கோபமாக இல்லை. ரிஃபாவைப் பக்கத்தில் அழைத்து, இது கிளையில் நடந்த குளறுபடியா, அட்டைகளைப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டார்களா என்று தணிந்த குரலில் கேட்டார். அப்படியென்றால் திருத்தக் கடிதம் ஒன்று கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ரிஃபாவுக்கு ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் பன்னிரண்டு கடனும் கரை ஏறியிருக்கும்.

அதற்குள் சுபஸ்ரீ, ஒரு பேச்சுக்குத்தான், மாலதியின் பக்கம் திரும்பி, "இல்ல, நீங்களே உங்களுக்குள்ள மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

மாலதியின் முகம் மாறிவிட்டது. மாற்றிக்கொண்டாயா என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"யாரும் மாத்தல மேடம். இன்னா பேச்சு பேசறீங்க? பன்னண்டு சிப்பியும் சட்டியில போட்டு, கண்ண மூடித்தான் எடுத்தோம். எனக்கு மிசினு வுய்ந்துச்சு. வசந்தாவுக்கு மாடு வுய்ந்துச்சு. மாடுன்னா பயம்னு அது அயுதுச்சு, மாத்திக் குடுன்னு கேட்டுச்சு. அப்பகூட நா குடுக்கல. கேட்டுப் பாருங்க."

வசந்தா தலையாட்டினாள். கொடுக்கவில்லைதான் என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யாருடைய கைக்கு எது வந்தது, எந்த வரிசையில் வந்தது என்று பிலோமினா வரிசையாகச் சொன்னாள். நடந்தது முறைப்படி நடந்தது என்பதை நிரூபித்துவிட்டதில் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவு மெதுவாகக் கலைந்ததை ரிஃபா பார்த்தாள். முதலில் மாலதியின் முகத்தில், பிறகு ஒவ்வொன்றாக.

அட்டையில் யாருக்கு என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இரவலும் வாடகையுமாக வாங்கிவந்ததில் எல்லாருக்கும் மிஷின் வேண்டும் என்று இருந்தது, ஒருத்திக்கும் மாடு வேண்டாம் என்று இருந்தது. பேச்சு முற்றியதும் சட்டியை எடுத்துவிட்டார்கள். சட்டி வந்தபின் அட்டை அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஒன்று இருந்தால் சரி என்று நினைத்தார்கள்.

சுபஸ்ரீ டேப்பில் பன்னிரண்டு கடனையும் கூட்டிப் பார்த்தார்.

"அப்போ அந்த மூணு லட்சத்து அறுபதாயிரம் எங்க?"

"தண்ணியில கீது" என்றாள் மாலதி. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் கையை நீட்டிக் காட்டினாள்.

கரையில் கிருஷ்ணன் எஞ்சினைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தான். சுபஸ்ரீ செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் படகைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, மீரான் என்ன விலை கொடுக்கிறார், டீசல் எவ்வளவு என்று கேட்டார். பதில்களைத் தன்னுடைய சொந்த நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு டேப்பைத் தூக்கிப் பிடித்தார். தொழிலின் முன்னால் கடனாளியை நிற்கவைத்துப் படம் எடுத்தால்தான் அந்தச் செயலி அடுத்த பக்கத்துக்குப் போகும். பன்னிரண்டு பேரும் படகின் முன்னால் நின்றார்கள். ஒரு முகம் மட்டுமே இருக்க வேண்டும் என்று செயலி சொல்லிவிட்டது. மாலதியை மட்டும் நிறுத்தினார். மாலதிக்குப் பால் மாடுதான், படகு இல்லை என்றது. கடைசியில் டேப்பை மூடிப் பையில் வைத்துவிட்டார்.

கார் வரைக்கும் ரிஃபா கூடப் போனாள்.

"நல்ல தொழில்தான்" என்றார் சுபஸ்ரீ. "நான் பார்த்ததிலேயே ஒழுங்கான தொழில். ஆனா என்கிட்ட இருக்கிற பக்கத்துல இதை எழுத எடமில்ல." கார்க் கதவைத் திறந்துகொண்டு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றாள் ரிஃபா. அவர் அதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கைருன் பீவி, மிஷின் எப்போது திரும்பி வரும் என்று கேட்டாள். நண்டு கொண்டுவருகிற மாலதிதான் வாங்கிப்போனாள், ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வாடகை பேசியிருக்கிறது, ஒன்றரை நாள் ஆயிற்று என்றாள். ரிஃபா கைப்பையிலிருந்து நூற்றைம்பது ரூபாயை எடுத்து உம்மாவிடம் கொடுத்தாள். உம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. பதினோரு பேர் கடனை வேறு காரியத்துக்குச் செலவழித்ததால் இரண்டாவது கடனுக்குத் தகுதி இல்லை. குழு கலைக்கப்படுகிறது. மீதித் தவணைகளைக் கட்டி முடிக்க வேண்டும். அட்டையில் சொன்ன தொழிலையே செய்துவரும் ராஜம்மாவுக்குத் தனிநபர் கடனாக நாற்பதாயிரம் கொடுக்கலாம். கள அலுவலர் ரிஃபாவுக்கு எச்சரிக்கை. தேவேந்திரன் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டியபோது, அவருக்கும் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். வெள்ளைப் பலகையில் சேத்துமேட்டின் பெயரை அழிக்க யாருக்கும் நேரமில்லை. அது பச்சையிலேயே இருந்தது.

மீதித் தவணைகள் ஒரு ரூபாய் குறையாமல் வந்தன. ஐம்பத்திரண்டாவது வாரம் பெண்கள் கடைசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் எஞ்சின் முழுதாக நின்றுவிட்டது. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் யாரோ கருவாடு காயவைத்திருந்தார்கள்.

ராஜம்மாவின் நாற்பதாயிரம் அவள் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த செய்தியை ரிஃபாதான் அவளிடம் சொன்னாள். ராஜம்மாவுக்கு நாற்பது வயது. புருஷன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்ட் கூலி. வேலை இருக்கும் வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. மகள் ஐஸ்வர்யாவுக்குப் பொன்னேரியில் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருடத்துக்கு முப்பத்தையாயிரம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எஞ்சினைப் பழுது பார்க்க இருபத்தையாயிரம் ஆகும் என்று காசிமேட்டு மெக்கானிக் சொல்லியிருந்தார். இதுவும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ராஜம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு நாள் பன்னிரண்டு பேரும் கரையோரத்திலேயே பல்லில் பறியோடு தடவினார்கள். ராஜம்மாவும் அவர்களோடுதான் குனிந்திருந்தாள். அவளைப் பார்க்கும்போது எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேறு ஊருக்குப் போகும் வழியில் ரிஃபா ஸ்கூட்டியை நிறுத்தி, ஏன் கேட்காமல் இருக்கிறீர்கள் அக்கா என்று மாலதியிடம் கேட்டாள்.

"அதெப்டி கேக்கறது? அவளுக்கு வுய்ந்துச்சு, அது அவளுது. எம் பக்கம் நெறைய வந்த அன்னிக்கு எவளாவது எங்கிட்ட கேட்டாளா?"

"அது இறால். இது கடன்."

"வுய்ந்தது வுய்ந்ததுதான்" என்று சொல்லிவிட்டு மாலதி தண்ணீரில் இறங்கினாள்.

அந்த நாட்களில் ராஜம்மா விடியற்காலையில் இட்லி விற்றாள். தனிநபர் கடனென்றால் ஆறு மாதத்தில் மறுபடி வந்து பார்ப்பார்கள் என்று ரிஃபா சொல்லியிருந்தாள். பானையைக் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். புதுப் பானையே வாங்கிவிட்டாள். பெண்கள் தண்ணீரில் இறங்குமுன் அவளிடம் நாலு இட்லி வாங்கித் தின்றார்கள். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு ரூபாய் கையில் நின்றது. கம்பெனிக்காகச் சொன்ன பொய்யைத் தினமும் நாலு மணிக்கு எழுந்து வேகவைக்க வேண்டியிருக்கிறது என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராஜம்மாவின் முதல் தவணை. எண்ணூற்றெழுபது. ஒருத்தியிடம் வாங்க வராந்தா எதற்கு என்று ரிஃபா நேராக அவள் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. புயல் மைய வராந்தாவில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். பழைய வரிசை இல்லை. பதினோரு பேர் ஒரு பக்கம். அவர்களைப் பார்த்தபடி சுவரோரமாக ராஜம்மா, வழக்கமாக ரிஃபா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்.

ராஜம்மா எழுந்திருக்காமலே பேசினாள். யோசித்து வைத்திருந்ததைப் போலப் பேசினாள்.

"இருவத்தஞ்சு எஞ்சினுக்குத் தரேன். பதினஞ்சு எம் பொண்ணுக்கு. தவண முய்க்க நீங்க பதினோரு பேரும் கட்டணும். நா கட்ட மாட்டேன். பேரு என்னுது."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உன் மகள் படிப்புக்கு நாங்கள் எதற்குக் கட்ட வேண்டும் என்றாள் ஒருத்தி. இது வியாபாரி மீரான் பண்ணுகிற வேலை மாதிரி இருக்கிறது என்றாள் பிலோமினா. வலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்க மீனை அடிமாட்டு விலைக்கு வாங்குவதில்லையா, அதுபோல. ராஜம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மீரான் அவரு பேர்ல கடன எழுதிக் குடுப்பாரா? கேட்டுட்டு வா" என்றாள். "போன தபா பன்னண்டு பேரு இருந்தோம். எவளாவது வுட்டா மத்தவ கட்டுவா. இப்போ நாளிக்கே எஞ்சின் நின்னா நீங்கள்லாம் வூட்டுக்குப் போய்டுவீங்க. அவங்க எங்கிட்டதான் வருவாங்க." அவள் ரிஃபாவைக் காட்டினாள். விரோதம் ஒன்றும் இல்லை. ஏரியைக் காட்டுவதைப் போலத்தான் காட்டினாள்.

அது உண்மைதானா என்று பெண்கள் ரிஃபாவைப் பார்த்தார்கள். உண்மைதான் என்று அவள் சொன்னாள். ராஜம்மா மட்டும்தான் பொறுப்பு. மற்றவர்களிடம் கம்பெனி கேட்காது, கேட்கவும் முடியாது.

கூச்சல் அடங்கியதும் மாலதி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். கரையோரத்தில் கிடைப்பதற்கும் திட்டில் கிடைப்பதற்கும் வாரத்துக்கு ஆயிரத்தைந்நூறு வித்தியாசம் வரும். அதில் ஆளுக்கு எண்பது போனால் போகிறது என்றாள். எஞ்சின் யாருடையது என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றாள். எஞ்சின் பன்னிரண்டு பேருடையதுதான் என்றாள் ராஜம்மா. கடன்தான் தன்னுடையது.

மூன்று வாரம் கழித்துப் படகு மறுபடி பெரியதிட்டுக்குப் போகத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் பழையதைவிடக் கூடுதலாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. படகில் இடம் பிடிக்க மறுபடி சட்டியில் சிப்பி விழுந்தது. இட்லிப் பானையோடு வந்து கடைசியாக ஏறுகிற ராஜம்மாவுக்கும் சிப்பிப்படிதான் இடம்.

ரிஃபா போகும் செவ்வாய்க்கிழமைகளில் வராந்தாவில் இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். குழு கலைந்துவிட்டது, உறுதிமொழி தேவையில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் கூட்டம் போலவே இல்லை என்றார்கள். மற்றவர்கள் கட்டுவோம் என்ற வரியில் இப்போதும் குரல் எழும்புகிறது. ராஜம்மாவின் குரல் அதில் எல்லாரையும்விட உரக்கக் கேட்கிறது.

பதினோரு பேரும் ஒவ்வொருத்தியாக வந்து ராஜம்மாவின் கையில் எண்பது ரூபாய் வைக்கிறார்கள். அவள் எண்ணி, எண்ணூற்றெழுபதை ரிஃபாவிடம் கொடுத்துவிட்டு, மீதிப் பத்து ரூபாயை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். முதல் வாரமே மாலதி அதைக் கவனித்துவிட்டாள்.

"எண்பது பதினோரு தரம் எண்ணூத்தி எண்பது. அந்தப் பத்து ரூவா இன்னாத்துக்கு?"

"அது எம் பயத்துக்கு" என்றாள் ராஜம்மா.

பெண்கள் சிரித்தார்கள். ராஜம்மாவும் சிரித்தாள், ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை. மாலதி சிரித்து முடித்துவிட்டு ரிஃபாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எவ்ளோ வாங்கறீங்க மேடம், பயத்துக்கு?"

ரிஃபா டேப்பில் ராஜம்மாவின் கணக்கைத் திறந்து, வருடம் முழுவதும் கட்டப்போகும் தொகையிலிருந்து நாற்பதாயிரத்தைக் கழித்து, மிச்சத்தைச் சொன்னாள். ஐந்தாயிரத்து இருநூற்று நாற்பது.

அப்படியானால் தங்கள் ராஜம்மா தேவலை என்று பிலோமினா சொன்னாள். படகு கழுவும் முறை அன்றைக்கு வசந்தாவுக்கு. அவள் எழுந்து போனாள்.

பணத்தை உறையில் போட்ட பிறகு டேப் வழக்கமான கேள்வியைக் கேட்டது: கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர்கள் எத்தனை பேர். ரிஃபா வராந்தாவில் மீதி இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்று என்று எழுதினாள். கட்டம் அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது.